திப்பியும் கோழித்தீனியும்

சேலத்திலிருந்து ஆத்தூர்ச் சாலை வழியே சென்றோர்க்கு ஒரு புளிப்பு நாற்றம் நினைவிருக்கும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவுப்பாலை வடித்தெடுத்து, ஜவ்வரிசி செய்யும் ஆலைகளில் எஞ்சும் சக்கையின் நாற்றம் அது. அதனை அங்கே திப்பி என்பர். களத்தில் உலர்த்தி மாட்டுத் தீவனத்திற்கு விற்பர்.

அப்பகுதியில் நான் ஆசிரியனாக இருந்தபோது மாணவன் ஒருவன், "மாடு தின்பதைக் கோழி தின்னலாகாதா, ஐயா?" என வினவினான். "தின்னலாமே" என்று ஆராயாது கூறிவிட்டேன். அவன் தன் வீட்டுக் குஞ்சுகளுக்குத் தானியத்தை நிறுத்தித் திப்பியையே இட்டான். ஒரு திங்களில் அவை இறகு சிலிர்த்து இளைத்துப்போயின. பிழை என்னுடையதே.

மாட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை நாரைச் சிதைக்கும். யூரியாவிலிருந்துகூடப் புரதம் ஆக்கும். கோழிக்கு அத்தகைய வயிறு இல்லை. கறிக்கோழியோ ஆறு வாரங்களில் இரண்டு கிலோ எடையை எட்ட வேண்டுவது. அதன் இளங்குஞ்சுத் தீனியில் நூற்றுக்கு 22 பங்கு அளவிற்குப் புரதம் தேவை. திப்பியில் மாவுப்பொருள் மிகுதி. புரதமோ மிகச் சொற்பம்.

ஆகவே, மாட்டின் வயிற்றில் நிகழ்வதைப் போன்றதொரு செயலைத் தட்டில் நிகழ்த்தினால் என்ன? ஆய்வாளர் அதனைத்தான் செய்து பார்த்தனர். திப்பியை நனைத்து ஆவியில் வேகவைத்து, ஆறியபின் அம்மோனியம் சல்பேட் போன்ற தழைச்சத்து உப்பைச் சிறிது சேர்த்து, தேர்ந்தெடுத்த பூஞ்சையின் வித்துக்களைத் தூவிப் பரப்புவர். சில நாள்களில் பஞ்சுநூல் போலப் பூஞ்சை படரும். அது மாவை உண்டு, உப்பிலுள்ள தழைச்சத்தைக் கொண்டு தன் உடலில் புரதத்தை ஆக்கிக்கொள்ளும். பூஞ்சையோடு சேர்த்தே உலர்த்தி அரைத்தால், புரதம் கூடிய தீனி கிடைக்கும். இட்டலி மாவு புளிப்பதை அறிந்த நமக்கு இது முற்றிலும் புதுமையன்று.

எனினும் எந்தப் பூஞ்சையும் ஆகும் என்று எண்ணிவிடாதீர்கள். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் தானே படர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சே அதற்குக் காரணம். அஃப்ளடாக்சின் எனப் பின்னர் அதற்குப் பெயரிட்டனர். ஆதலின், தானே பூசணம் பூத்த திப்பி குப்பைக்குழிக்கே உரியது.

செம்மையாகப் பதப்படுத்திய திப்பியும் தனித்தீனி ஆகாது. மக்காச்சோளத்தில் ஒரு சிறு பங்கிற்கு ஈடாக அதனைச் சேர்க்கலாம். சோயாப் பிண்ணாக்கு வேண்டியதே. வேளாண்மை பயிலும் மாணவர், ஆசிரியர் துணையோடு குஞ்சுகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒன்றிற்கு வழக்கமான தீனியும் மற்றதற்கு இக்கலவையும் இட்டு, வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வாருங்கள். அம்மாணவன் கேட்டபொழுது நான் கூறியிருக்க வேண்டிய விடை அதுவே.