குமிழுக்குள் தமிழ்: ஈரோட்டுப் பயணமும் சில எண்ணங்களும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் உரையாற்றப் பணித்தபோது, நான் சங்கப் பாடல்களைப் பற்றியோ பாரதியைப் பற்றியோ பேசுவேன் என்று நண்பர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் சித்திரக் கதை. நல்லூரிலிருந்து ஈரோடு வரை ஒரு பயணம். அங்கே ஒரு வாசகர் கூட்டம். கவியரங்கத்திற்குப் பழகிய இந்த அவையில் இதனை எடுத்துரைக்கக் காரணம் உண்டு. நாம் எழுதுவதை யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி, பத்தாண்டுகளாக நம்முடைய ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் தேநீரோடு சேர்ந்து வந்து, தேநீரோடு சேர்ந்து ஆறிப்போகிறது. அக்கேள்விக்குப் பாதி விடையை ஈரோட்டில் கண்டேன். மறுபாதி நம்மிடமே இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் சிறிது வரலாறு. 1972ஆம் ஆண்டு சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் 1962இல் தோன்றி, ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் உருப்பெற்ற அப்பாத்திரம், தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு அடுத்த தெரு ஆள்போல ஆயிற்று. முல்லை தங்கராசன் அவர்கள் அந்தத் தொடக்கக் காலத்தில் ஆசிரியப் பணி ஆற்றினார். 1984இல் சௌந்திரபாண்டியனாரின் மகன் எஸ். விஜயன் பதின்ம வயதிலேயே லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸும் வெளிவந்து, 2005 வரை நடந்தது. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த பிறகு பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய சித்திரக் கதைகள் ஒவ்வொன்றாக இறங்கின. லயனும் முத்துவுங்கூட ஒழுங்கின்றி, இடைவெளி விட்டு வந்த காலம் ஒன்று உண்டு. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியையொட்டி, நல்ல தாளில், வண்ணத்தில், 100 ரூபாய் விலையில் ஒரு சிறப்பிதழை வெளியிட்டு அவை மீண்டெழுந்தன. அதன் பின்னர் அவற்றைத் தாங்கி நிற்பது கடைக்காரர் அல்லர். முன்கூட்டியே ஆண்டுச் சந்தா கட்டும் வாசகர். நமது சிற்றிதழ்களைப் போலவே அதுவும் ஒரு சிறு பதிப்பகம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

2005ஆம் ஆண்டு மக்கள் சிந்தனைப் பேரவை தொடங்கிய ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டு மாதத்தில் நடைபெறுவதை அறிவீர்கள். அதையொட்டிப் பல ஆண்டுகளாக லயன்–முத்து வாசகர்கள் ஈரோட்டில் கூடிவருகிறார்கள். லயனுக்கு நாற்பதாண்டு நிறைந்த 2024 ஆகஸ்டில் அக்கூட்டத்திற்குச் செல்ல எனக்கும் வாய்த்தது.

நாங்கள் மூவர். நான், நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர், எங்களை அழைத்துச் சென்ற பவர் டேபிள் டெய்லர் ஒருவர். அன்றைய ஷிப்டை விட்டுவிட்டு வந்தவர் அவர். மடித்து வைத்த சந்தா இரசீது சட்டைப் பையில் இருந்தது. பெருந்துறை வழியாகச் சென்றால் விரைவில் ஈரோட்டை அடையலாம். நாங்கள் காங்கேயம், சென்னிமலை வழியைத் தேர்ந்துகொண்டோம். வண்டி காங்கேயம் சாலையில் ஏறியதும் அந்த நண்பர் கூறியதை அப்படியே சொல்கிறேன்: “அண்ணா, அஞ்சாவதோட பள்ளிக்கூடம் நின்னு போச்சுங்க. கைமடிக்குச் சேந்தனுங்க. அப்ப டேபிளுக்குக் கீழ ஒரு மாயாவி புஸ்தகம் கெடந்துதுங்க. படத்தப் பாத்துட்டே எழுத்துக் கூட்டிப் படிச்சனுங்க. இன்னிக்கு உங்க கவித வரைக்கும் அதுதான் கொண்டாந்து விட்டுதுங்க.”

எழுத்தறிவின் வாயில் எது என்பதைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகள் கேட்டிருக்கிறேன். பனியன் கம்பெனியின் மேசைக்கடியில் கிடந்த ஒரு வாயிலைப் பற்றி அங்கே எவரும் சொன்னதில்லை.

படியூரைக் கடந்தோம். பெரில் என்னும் கடல்வண்ணக் கல் கிடைத்த ஊர் அது. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பது இவ்வூரையே என்பர். அங்கே கல்லை அறுத்து, துளையிட்டு, மணியாக்கி வெளியுலகிற்கு அனுப்பிய தொழிற்கூடங்களின் தடயங்கள் அகழாய்வுகளில் வெளிப்பட்டன. அவற்றோடு பானை ஓடுகளும் கிடைத்தன. ஓடுகளில் கண்ணன் ஆதன் என்பது போன்ற ஆட்பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டிருந்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இந்த நிலப்பகுதி அயலாருக்காக உழைத்தது. அப்போதும் தன் கலத்தில் தன் பெயரைக் கீறிக்கொண்டது.

சென்னிமலையை அடைந்தோம். கொடி காத்த குமரன் 1904இல் பிறந்த மண். கைத்தறிப் போர்வைக்குப் பெயர் பெற்ற மண். வெளியூர்க் கடையிலும் ‘சென்னிமலைப் போர்வை’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். நெய்தவரின் ஊர்ப் பெயர் துணியோடு போகிறது. நம் திருப்பூரின் கதை வேறு. 1978இல் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் வெள்ளை டி-சட்டை தேடி இங்கே வந்தது முதல் நம் ஏற்றுமதி பெருகியது. நூல் நம்முடையது, தையல் நம்முடையது, கண்விழிப்பு நம்முடையது. கழுத்துப் பட்டியில் தைக்கும் லேபிள் மட்டும் பிறருடையது. இதைக் குறையாக நான் கூறவில்லை. அந்த லேபிளினால்தான் இந்த அவையில் இருக்கும் பலர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆயினும் இந்த எண்ணத்தோடுதான் ஈரோட்டை அடைந்தேன்.

கூட்டத்தில் நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிரியரும் வாசகரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து, எந்தத் தொடரை அடுத்து வெளியிடலாம், எதை நிறுத்தலாம், எந்த மொழிபெயர்ப்பு சறுக்கியது என்று மணிக்கணக்காக வாதிட்டார்கள். வாசகர் ஒருவர் எழுந்து, ஒரு கதையின் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட கட்டத்தில் வரும் ஒரு சொல் அப்பாத்திரத்தின் வாய்க்குப் பொருந்தவில்லை என்றார். நம் கவிதைத் தொகுதி ஒன்றின் ஒரு சொல்லுக்காக எவரேனும் ஷிப்டை விட்டு வந்து எழுந்து நின்றதுண்டா? இந்தப் பழக்கம் ஒரு நாளில் வந்ததன்று. நாற்பதாண்டுகளாக அவ்விதழ்களில் ஆசிரியர் வாசகரோடு நேரே பேசுகிறார். வரவு செலவின் நெருக்கடியைக்கூடச் சொல்கிறார். வாசகர் கடிதங்கள் கதைக்கு நிகரான ஆவலுடன் படிக்கப்படுகின்றன. வாசகன் தன்னை வாங்குபவனாக எண்ணவில்லை, பங்காளியாக எண்ணுகிறான்.

இனி, கவிஞர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. சித்திரக் கதையில் பேச்சு ஒரு குமிழுக்குள் அடங்க வேண்டும். அந்தக் குமிழை வரைந்தவர் பிரெஞ்சுக்காரரோ இத்தாலியரோ ஆங்கிலேயரோ. அவர் தம் மொழியின் அளவுக்கு வரைந்துவிட்டார். நம் சொற்களோ ஒட்டி ஒட்டி நீள்பவை. நான்கு சொல்லில் அவர் முடித்ததை நாம் அதே வட்டத்துக்குள், அதே சினத்தோடு, அதே நகைப்போடு முடிக்க வேண்டும். வெண்பாவின் ஈற்றடி முச்சீரில் முடிய வேண்டும் என்ற கட்டளைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கட்டுப்பாடு இருக்கும் இடத்தில்தான் மொழி தன் நரம்பைக் காட்டுகிறது. பெல்ஜியத்தில் 1984இல் வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் படைத்த தொடரின் பெயர் வெறும் ரோமானிய எண், பதின்மூன்று. தமிழில் அதற்கு ‘இரத்தப் படலம்’ என்று பெயரிட்டார்கள். படலம் என்ற சொல் கம்பனின் காப்பியப் பிரிவிலிருந்து வந்தது என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் எண்ணை ஒரு காப்பியச் சொல்லாக்கிய அந்தத் துணிவைக் கவித்துவம் என்று சொல்லத் தயங்க மாட்டேன். அத்தொடரின் 18 பாகங்களை 2010இல் ஒரே நூலாக வெளியிட்டபோது, அதற்காகக் காத்திருந்து முன்பணம் கட்டியவர்களில் நம்முடன் வந்த டெய்லரும் ஒருவர்.

எனினும், அந்தக் கதையின் நாயகன் நினைவிழந்து தன் பெயரைத் தேடி அலைபவன் என்பதும் மனத்தில் தைக்கிறது. இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் வில்லர் என்ற குதிரைவீரன் இன்று நம் வாசகர்களின் நெஞ்சுக்கு மிக நெருங்கியவன். நாம் இத்தாலிக்குச் சட்டை அனுப்புகிறோம். இத்தாலி நமக்கு டெக்ஸை அனுப்புகிறது. சட்டையில் அவர்கள் பெயர். கதையிலும் அவர்கள் பெயர். நம் மொழி அந்தப் படங்களுக்குத் தையல் போடுகிறது. அரிய தையல்தான்; நாற்பது, ஐம்பது ஆண்டுத் தேர்ச்சியுள்ள தையல். ஆனால் பேட்டர்ன் வெட்டியவர் வேறொருவர்.

தமிழில் சொந்தச் சித்திரக் கதையே இல்லை என்று சொல்வது பிழை. தினத்தந்தியின் ‘கன்னித்தீவு’ அரை நூற்றாண்டைக் கடந்தும் முடிவுறாத தொடர். வாண்டுமாமா அவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் குழந்தைகளுக்காக எழுதியவற்றுள் படக்கதைகள் பல. முல்லை தங்கராசனும் உழைத்தார். வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. வெட்டிய வழியில் நடக்க ஆளில்லாமல் புல் முளைத்திருக்கிறது. அன்றைய கூட்டத்தில் பெரும்பாலோர் தலையில் நரை. மாயாவியோடு வளர்ந்த தலைமுறை அது. திரும்பி வரும்போது டெய்லர் நண்பர், தம் மகளுக்கு ஒரு புத்தகம் கொடுத்ததையும், அவள் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “ஏனுங்கப்பா, இதுல நம்மூரு வராதுங்களா?” என்று கேட்டதையும் சொன்னார். தந்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நியூயார்க்கும் டெக்சஸும் அவருக்குப் புது உலகம். மகள் கல்லூரிக்குச் செல்கிறாள். உலகம் அவள் கைப்பேசியில் கிடக்கிறது. அவள் தேடுவது நம்மூர். அதைத் தர எவரும் இல்லையென்றால், இந்த நரைத்த தலைகளோடு தமிழ்ச் சித்திரக் கதை முடிந்துபோகும்.

உலகில் இதற்கு முன்மாதிரி உண்டா என்று கேட்பீர்கள். ஜப்பானில் ஒத்த மனத்தினர் கூடித் தாமே அச்சிடும் இதழ்களுக்கு ‘தோஜின்ஷி’ என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு இலக்கியக் குழுக்கள் வளர்த்த மரபு அது. சித்திரக் கதை வரைவோர் அதனை எடுத்துக்கொண்டார்கள். 1975 டிசம்பரில் டோக்கியோவில் அவர்கள் கூட்டிய முதல் சந்தைக்கு வந்தவை 32 குழுக்கள். பார்க்க வந்தவர் ஏறத்தாழ 700 பேர். அந்தக் குழுக்களுக்கு அங்கே வழங்கும் பெயர் என்ன தெரியுமா? ‘சர்க்கிள்’ — அதாவது, வட்டம். 2010களில் அதே சந்தைக்கு மூன்று நாள்களில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். ஓர் இலக்கிய வட்டத்தின் பழக்கத்திலிருந்து முளைத்த மரம் அது.

ஆகவே, நம் வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, இனி நாம் வெளியிடும் நூல்களுக்கு முன்சந்தா திரட்டுவோம். அச்சிட்டுவிட்டு ஆள் தேடுவதினும், ஆளைச் சேர்த்துக்கொண்டு அச்சிடுவது நன்று. கட்டில் அடியில் கிடக்கும் தொகுதிகளைப் பற்றி இங்கே இருக்கும் கவிஞர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நம் இதழில் வாசகர் கடிதத்திற்கு நான்கு பக்கம் ஒதுக்குவோம். பாராட்டுக் கடிதங்களை மட்டும் பொறுக்காமல், சறுக்கிய சொல்லைச் சுட்டும் கடிதத்தை முதலில் அச்சிடுவோம்.

மூன்றாவது, அடுத்த ஆண்டுக்குள் ஒரு சித்திரக் கதை. 32 பக்கம் போதும். நம் கவிஞர்கள் எழுத, இவ்வூரில் டிசைன் வரையும் இளைஞர்கள் வரையட்டும். அவர்களுக்கு உரிய கூலியைச் சந்தாவிலிருந்தே கொடுப்போம். கதைக்கு வெகுதூரம் போக வேண்டாம். நொய்யல் இருக்கிறது. பாசனத்திற்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. வேலையிழந்தவர் பக்கமும் உண்மை; நிலமிழந்தவர் பக்கமும் உண்மை. இதை ஒரு கவிதையால் முழுதும் சொல்ல இயலவில்லை. நான் முயன்று பார்த்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் ஒரு கட்டத்தில் சாயத்தொட்டியும் அடுத்த கட்டத்தில் காய்ந்த தென்னையும் நின்றால், இடைப்பட்ட வெள்ளைக் கோட்டில் வாசகன் தானே சிந்திப்பான். குமிழுக்குள் அடங்கும் நான்கு சொற்கள் நம்முடையனவாக இருக்கட்டும். குமிழை வரையும் கையும் இம்முறை நம்முடையதாக இருக்கட்டும்.

டெய்லர் நண்பர் இதோ கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். முதல் சந்தாவை அவர் என்னிடம் கொடுத்துவிட்டார். இரசீதுப் புத்தகம் இன்னும் அச்சாகவில்லை என்பதால், அதனை வட்டத்தின் பொருளாளரிடம் இந்த அவையறிய ஒப்படைக்கிறேன்.