செயற்கைக் காலுக்கு முன்: லைனரும் வீட்டுக் கவனிப்பும்

(நம் சமூகக் கூடத்தில் நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில், இங்கு வசிக்கும் ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

சர்க்கரை நோயாலோ விபத்தாலோ முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டு ஒருவர் வீடு திரும்பினால், பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "செயற்கைக் கால் எப்போ போடுவாங்க?" அதற்கான பதிலில் பாதி, கால் செய்யும் இடத்தில் இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் நம் வீட்டுக்குள் இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எஞ்சிய கால் வீங்கும். மருத்துவமனையில் அதை 'ஸ்டம்ப்' என்பார்கள். செயற்கைக் காலின் மேல்பகுதியான சாக்கெட்டை அந்த ஸ்டம்பின் அளவுக்குத்தான் செய்கிறார்கள். வீக்கத்தோடு அளவெடுத்தால், வீக்கம் வடிந்ததும் சாக்கெட் தளர்ந்துவிடும். நடக்கும்போது உரசும், புண்ணாகும். சர்க்கரை உள்ளவருக்கு ஒரு சின்னப் புண் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். பணம் கொடுத்து வாங்கிய கால் அலமாரியில் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் அழுத்தம் கொடுக்கிறோம். அதற்கு மூன்று பொருட்கள் உண்டு. முதலாவது, நாம் எல்லோரும் அறிந்த கிரேப் பேண்டேஜ். இதை எட்டு எழுத்து வடிவில் குறுக்காகச் சுற்ற வேண்டும். நெகிழ்ந்துவிடும் என்பதால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துச் சுற்ற வேண்டும். இரண்டாவது, ஷ்ரிங்கர் என்கிற இறுக்கமான சாக்ஸ். மூன்றாவது, சிலிக்கான் லைனர். பின்னவை இரண்டையும் எப்போது தொடங்குவது என்பதைத் தையலையும் காயத்தையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்கள், அவரைக் கேட்காமல் எந்த இறுக்கமும் போடக் கூடாது.

மூன்றுக்கும் விதி ஒன்றே: நுனியில் அழுத்தம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. மேல்பக்கம் இறுகினால் கயிறு கட்டியது போலாகி, நுனி பல்பு மாதிரி உப்பிவிடும். அந்த வடிவத்துக்குச் சாக்கெட் பொருந்தாது.

லைனர் போடும் முறையைக் கவனியுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். அதன் அடிப்பாகத்தைக் காலின் நுனியில் ஒட்டிவைத்து மேல்நோக்கி உருட்டுங்கள். சாக்ஸ் மாதிரி பிடித்து இழுக்காதீர்கள். நுனியில் காற்று இடைவெளி இருந்தால் கொப்புளம் வரும். கழற்றி மறுபடி போடுங்கள். நகம் பட்டால் லைனர் கிழியும். முதல் நாளே நாள் முழுக்கப் போடாமல், மருத்துவர் சொன்ன நேரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரவில் எதைப் போடுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலில் லைனருக்குள் வியர்வை தேங்கும். தினமும் மிதமான சோப்பால் கழுவி, நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். காலையும் இரவில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கண்ணாடி வைத்து நுனியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் வலிக்காது, கண்தான் காவல். லைனரைக் கழற்றிச் சிறிது நேரமாகியும் போகாத சிவப்பு, நீலம் பாய்ந்த தோல், சீழ், காய்ச்சல், கூடுகிற வலி - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போடுவதை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று. வலிக்கிறதே என்று பாசத்தில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்போம். அப்படியே மடங்கிப் பழகினால் மூட்டு நீட்ட வராது. மூட்டு நீளாவிட்டால், வீக்கம் முழுக்க வடிந்தும் நடப்பது சிரமம். தலையணையை எடுத்துவிட்டு, காலை நீட்டி வைக்கப் பழக்குங்கள்.

இல்லாத பாதம் வலிக்கிறது, அரிக்கிறது என்று அவர் சொன்னால் "மனப்பிரமை" என்று தள்ளிவிடாதீர்கள். அது உண்மையான வலி. நரம்பிலும் மூளையிலும் உண்டாவது. சிலருக்கு லைனரின் அழுத்தம் அந்த வலியைக் குறைக்கிறது. குறையாவிட்டால் அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு.

செயற்கைக் கால் வந்த பிறகும் இந்த வேலை முடியாது. ஸ்டம்பின் அளவு நிலைக்க ஓராண்டு, அதற்கு மேலும் ஆகலாம். இடையில் சாக்கெட் தளர்ந்தால் பருத்தி சாக்ஸ் ஒன்று கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். பிறகு சாக்கெட்டையே மாற்றவும் நேரலாம். இது தோல்வியல்ல, எல்லோருக்கும் நடப்பதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பார்க்கப் போகும்போது ஆப்பிளோடு அனுதாபத்தையும் கொண்டுபோகாதீர்கள். "லைனர் காய்ந்துவிட்டதா, பேண்டேஜ் சுற்ற ஒரு கை வேண்டுமா?" என்று கேளுங்கள். தனியாக இருக்கும் முதியவரால் தன் ஸ்டம்பின் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது. தினமும் ஒருவர் ஐந்து நிமிடம் பார்த்துச் சொன்னால், இன்னொரு அறுவை சிகிச்சையையே தவிர்க்கலாம்.

யாருக்காவது சுற்றும் முறையோ உருட்டும் முறையோ பார்க்க வேண்டுமென்றால், சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். வீட்டுக்கே வந்து காட்டித் தருகிறேன்.