சந்திரா காட்டும் வானம்



இயற்பியல் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் இந்தப் பொழிவில், விண்வெளியிலிருந்து விண்மீன்களை ஆராய்வது பற்றிப் பேசப் பணித்தீர்கள். ஹப்பிள், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிகள் எடுத்த படங்களை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அந்த அளவுக்குப் பேசப்படாத சந்திரா எக்ஸ் கதிர் வானாய்வகத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது அது. பெயர் நமக்குப் பெருமை தருவதுதான். ஆனால் நான் இதைத் தேர்ந்ததற்கு வேறு காரணம் உண்டு. நல்ல கருவி ஒன்றைப் பேணி, ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் சில உண்மைகள் பிடிபடும். அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தொலைநோக்கியை மேலே அனுப்புவது விண்மீனை நெருங்குவதற்காக என்று பலரும் எண்ணுகிறார்கள். பூமியை விட்டு மிகவும் விலகிச் செல்லும்போதும் சந்திரா போவது ஏறத்தாழ 1,40,000 கிலோமீட்டர்தான். நிலவின் தொலைவில் மூன்றில் ஒரு பங்கு. சூரியனை அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனே நான்கு ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. அந்தத் தொலைவின்முன் இது ஒரு பொருட்டே இல்லை. தாண்ட வேண்டியது காற்றைத்தான். வானிலிருந்து வரும் எக்ஸ் கதிர் முழுவதையும் காற்று மண்டலம் உறிஞ்சிவிடுகிறது. உயிர்களுக்கு அது காப்பு, வானியலாளருக்கோ திரை. பல லட்சம் பாகை வெப்பத்தில் கொதிக்கும் வாயு, கருந்துளையில் விழப்போகும் பொருள், வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சம் இவையெல்லாம் பெரும்பாலும் எக்ஸ் கதிரில்தான் ஒளிர்கின்றன. தரையில் எவ்வளவு பெரிய ஆடி வைத்தாலும் அவை அந்த ஒளியில் தெரியப்போவதில்லை.

1962 ஜூனில் இயற்பியலாளர் ரிக்கார்டோ ஜக்கோனியும் அவருடைய குழுவினரும் நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு சிறு ராக்கெட்டை ஏவினார்கள். சூரிய ஒளி பட்டு நிலவு எக்ஸ் கதிர் வீசுகிறதா என்று பார்ப்பது அவர்களின் நோக்கம். கருவிக்குக் கிடைத்தது ஆறு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அதற்குள் விருச்சிக மண்டலத்தின் பக்கமிருந்து எவரும் எதிர்பாராத வலுவான எக்ஸ் கதிர் வந்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே கண்டறியப்பட்ட முதல் எக்ஸ் கதிர் மூலம் அது. 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரையை ஒட்டிய மேடையிலிருந்து உஹுரு செயற்கைக்கோள் ஏறியது. அத்தகைய மூலங்களை முந்நூறுக்கும் மேல் பட்டியலிட்டது. 1976இல் ஜக்கோனியும் ஹார்வி டனன்பாமும் ஒரு பெரிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கான திட்டத்தை நாசாவிடம் முன்வைத்தார்கள். 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் அதை, அதாவது சந்திராவை, சுமந்து சென்றது. இடையில் 23 ஆண்டுகள்! திட்டம் தீட்டும்போது ஆய்வு மாணவராக இருந்தவர், ஏவும்போது பேராசிரியராக இருந்திருப்பார்.

அதன் ஆடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண ஆடியில் நேராக விழும் எக்ஸ் கதிர் திரும்பாது. உள்ளே புகுந்து அழிந்துவிடும். குளத்தில் தாழ எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்தித் தத்திப் போவதுபோல, பரப்பை ஒட்டி மிகச் சாய்வாக வந்தால் மட்டுமே அது எகிறும். ஆகவே சந்திராவின் ஆடிகள் கிண்ணம்போல் இல்லாமல் குழல்போல் இருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு இணைகள். மிகப் பெரியதன் விட்டம் 1.2 மீட்டர். மேலே இரிடியப் பூச்சு. மேடுபள்ளம் அணுக்களின் அளவுக்கு மிஞ்சாதபடி மெருகேற்றினார்கள். இதனால் அரை வினாடிக் கோணம் வரை நுட்பமாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. இவ்வளவு கூர்மை கொண்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இன்றுவரை வேறொன்று இல்லை.

ஹப்பிளின் ஆடியில் பிழை இருந்தபோது, 1993இல் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்தார்கள். சந்திராவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் பாதை அவ்வளவு உயரம். ஏவிய சில வாரங்களிலேயே சோதனையும் வந்தது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையத்தை ஒவ்வொரு முறை கடக்கும்போதும், புரோட்டான்கள் அதே ஆடிகளில் எகிறி உள்ளே வந்து உணரிச் சில்லுகளைக் கெடுப்பது தெரிந்தது. தரையிலிருந்தே ஒரு வழி கண்டார்கள். வளையத்தைக் கடக்கும் நேரம் முழுவதும் அந்த உணரியைக் குவியத்திலிருந்து நகர்த்தி மறைத்துவைப்பது என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு கெடுதல் வெகுவாகக் குறைந்தது. படங்களைப் பார்த்து வியப்பவர்கள் இந்தப் பேணுதலையும் நினைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சந்திரா முதலில் வெளியிட்ட படங்களில் ஒன்று, காசியோப்பியா மண்டலத்தில் 11,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள சூப்பர்நோவா எச்சம். அதன் நடுவில் அதுவரை யாரும் காணாத ஒரு புள்ளி தெரிந்தது: நியூட்ரான் விண்மீன். இங்கே சந்திரசேகர் நேராக வந்துவிடுகிறார். 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் தொடங்கிய கணக்கு, எரிபொருள் தீர்ந்து இறுகிய விண்மீன் எவ்வளவு நிறை வரை தாக்குப்பிடிக்கும் என்பது. விடை, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அந்நாளின் பெரும் வானியலாளர் எடிங்டன் அதை அறிஞர் அவையிலேயே எள்ளினார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. பெரிய விண்மீன் ஒன்றின் இரும்பு மையம் அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் இடிந்து நொறுங்குகிறது. அந்த இடிபாட்டில் பிறந்ததே அந்தப் புள்ளி. சந்திரசேகர் 1995இல் மறைந்தார். அந்தப் படத்தை அவர் பார்க்கவில்லை.

அதே எச்சத்தைச் சந்திரா திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறது. ஆண்டுவாரியாகப் படங்களை அடுக்கினால் சிதறல் விரிந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது. விண்மீனின் ஆழத்தில் உருவான இரும்பு, சில இடங்களில் சிலிக்கனையும் முந்திக்கொண்டு வெளியே கிடக்கிறது. நடுவிலுள்ள நியூட்ரான் விண்மீன் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குளிர்கிறது என்று 2010இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உள்ளே நியூட்ரான்கள் உராய்வின்றிப் பாயும் மீப்பாய்மமாக மாறுவதே காரணம் என்ற விளக்கமும் வந்தது. உணரியின் முன்னுள்ள வடிகட்டியில் ஆண்டாண்டாகப் படிந்துவரும் அழுக்கும் இந்தக் கணக்கில் கலந்திருக்குமோ என்று மற்றவர்கள் கேட்டார்கள். விவாதம் முடியவில்லை. அறிவியல் நேர்மையாக நடக்கும் விதம் இதுதான் என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

விண்மீன் திரள்களின் பெருங்கூட்டங்களுக்கு வருவோம். புல்லட் கொத்து என்று வழங்கும் ஓரிடத்தில் இரண்டு கூட்டங்கள் மோதி ஊடுருவிச் சென்றிருக்கின்றன. சந்திரா அதைச் சுமார் 140 மணி நேரம் நோக்கியது. மோதிய வெப்ப வாயு பின்தங்கி நிற்கிறது, திரள்களோ கடந்துபோய்விட்டன. அங்குள்ள சாதாரணப் பொருளில் பெரும்பகுதி அந்த வாயுதான். ஆனால் பின்னணி ஒளி வளைவதைக்கொண்டு நிறையை அளந்தபோது, அது வாயு இருந்த இடத்தில் இல்லை, திரள்களோடு போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்கு 2006இல் கிடைத்த இந்தச் சான்றை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பெர்சியஸ் கொத்தில், மையத்துக் கருந்துளை எழுப்பிய அழுத்த அலைகள் வாயுவில் வளையங்களாகப் பரவுவதை 2003இல் ஆண்ட்ரூ ஃபேபியன் குழுவினர் கண்டார்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. இந்த அலைகள் வாயுவைச் சூடாக்குவதால், வாயு ஏன் குளிர்ந்து திரண்டு புதிய விண்மீன்களாகிவிடவில்லை என்ற பழைய கேள்விக்கு ஒரு நல்ல விடை அதில் இருக்கிறது.

இப்படிப்பட்ட கருவிக்குத்தான் 2024இல் நெருக்கடி வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6.8 கோடி டாலராக இருந்த அதன் ஒதுக்கீட்டை 4.1 கோடியாகக் குறைக்க நாசாவின் வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. அவ்வளவு குறைத்தால் பணியே நின்றுபோகும் என்று உலகெங்குமுள்ள வானியலாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. அதன் இடத்தை நிரப்பும் கூர்மை வேறெந்தக் கருவிக்கும் இல்லாதபோது, வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றை நிறுத்துவது சிக்கனமாகாது. நிறுத்திய ஆண்டுகளின் வானத்தைப் பின்னால் யாராலும் படம் பிடிக்க முடியாது.

மாணவர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்திராவின் பதிவுகள், அவற்றை எடுத்த ஆய்வாளருக்கான குறிப்பிட்ட காலம் கழிந்ததும், எல்லோருக்கும் பொதுவாகிவிடுகின்றன. இணையத்தில் கட்டணம் இல்லை. பகுப்பாய்வு மென்பொருளும் இலவசம். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய நம் ஆஸ்ட்ரோசாட், எக்ஸ் கதிரிலும் புறஊதாவிலும் எடுத்த பதிவுகளும் அப்படியே திறந்திருக்கின்றன. இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு கணினியும் வழிகாட்ட ஓர் ஆசிரியரும் போதும். வரும் கல்வியாண்டில் முதுகலை இயற்பியல் மாணவர்களுக்குத் தரும் திட்டப்பணிகளில் ஒன்றையாவது இந்தப் பதிவுகளிலிருந்து கொடுங்கள்.