குறட்டையும் உறக்கமும்

மாணவச் செல்வங்களே,

குறட்டை என்ற சொல்லைக் கேட்டவுடனே நமக்குச் சிரிப்பு வருகின்றது. மேடை நாடகங்களில் நகைச்சுவைக்கு அது நெடுநாளாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. குறட்டை விடுவோரைக் கும்பகருணன் என்று கேலி செய்யாத வீடும் அரிது. வேறு சிலரோ, ‘கொடுத்து வைத்தவர், படுத்தவுடன் அயர்ந்து உறங்குகிறார்’ என்று பொறாமை கொள்வர். இவ்விரு எண்ணங்களும் பொருந்துவன தாமா என்பதை இன்று ஆராய்வோம்.

குறட்டை எங்ஙனம் பிறக்கிறது? வாயின் மேற்புறத்தை நாவினால் தடவிப் பாருங்கள். முன்பகுதி எலும்பினால் ஆகிய வன்மையுடையது, பின்பகுதி மென்மையானது. அம்மெல்லண்ணத்தின் நுனியில் தொங்குவதே உள்நாக்கு. நாம் விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சு செல்லும் வழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன, வழி குறுகுகின்றது. குறுகிய வழியில் காற்று விரைந்து செல்லுங்கால், கொடிச்சீலை காற்றில் படபடப்பதுபோல் மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அவ்வதிர்வே குறட்டை ஒலி.

வழி குறுகுவதற்குக் காரணங்கள் பல. மல்லாந்து படுத்தால் நாவின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரியும். சளியினாலோ, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருப்பதனாலோ மூக்கு அடைபடலாம். உடல் பருத்தவர்க்குக் கழுத்தில் சேரும் கொழுப்புத் தொண்டையை நெருக்கும். மது அருந்தினால் தசைகள் மேலும் தளரும். சிறுவர்களுக்கோ, டான்சில் என்னும் தொண்டைச் சதையும், மூக்கின் பின்னே உள்ள அடினாயிட் என்னும் சதையும் பருத்திருப்பதே பெரும்பாலும் காரணமாகும்.

குறட்டை விடுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆனால் உரத்த குறட்டை திடீரென நின்று, சிறிது நேரம் அமைதி நிலவி, பின்னர்த் திணறலோடு மீண்டும் தொடங்குமாயின், நாம் விழிப்படைய வேண்டும். அந்த அமைதி மூச்சு நின்றுபோன அமைதி. 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும், மிகக் குறைவதும், மணிக்கு 5 முறைக்கு மேல் நிகழ்ந்தால் பெரியவர்களுக்கு அது மூச்சுத்தடை நோய் எனப்படும்; 30 முறைக்கு மேற்பட்டால் கடுமையானது. ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை உறங்குபவரைச் சற்றே எழுப்பி மூச்சை மீட்கிறது. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிராது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் களைப்புத் தீராது, தலை வலிக்கும், பகலில் கண் செருகும். நாளடைவில் இரத்த அழுத்தம் உயரலாம். வண்டி ஓட்டுபவராயின் விபத்தும் நேரலாம்.

இதனை உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-இல் பகுதி பகுதியாக எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ கதையில் ஜோ என்னும் பருத்த சிறுவன் வருகிறான். வேலைக்கு நடுவிலும் உறங்கிக் குறட்டை விடுவான். படித்தோர் நகைத்தனர். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள், பருத்த உடலும் பகலுறக்கமும் சேர்ந்த ஒரு நோய்க்கு அக்கதையின் பெயரையே சூட்டினர். 1965-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள், அத்தகையோர் உறங்கும்போது மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதைக் கருவிகளால் பதிந்து காட்டினர்.

இந்நோயைக் கண்டறிய மருத்துவர் முதலில் மூக்கையும் தொண்டையையும் சோதிப்பார். தேவையாயின் ஓரிரவு உறக்க ஆய்வு நடைபெறும். மூளையின் மின்னலைகள், மார்பின் அசைவு, இதயத் துடிப்பு, பிராணவாயுவின் அளவு ஆகியவை விடியும்வரை பதிவாகும்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவை விலக்கல் ஆகியவை பலருக்குப் பயன்தரும். கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பற்கருவியும் உண்டு. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன், மூக்கின்மேல் பொருத்திய மூடியின் வழியே மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தித் தொண்டை அடையாமல் காக்கும் முறையை வெளியிட்டார். நோய் கடுமையாக உள்ளோர்க்கு இன்று அதுவே முதன்மையான சிகிச்சை. சிறுவர்களுக்குப் பருத்த சதையை நீக்கும் அறுவையே பெரும்பாலும் போதுமானது.

ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். வகுப்பில் கண்ணயரும் மாணவனைச் சோம்பேறி என்கிறோம். கவனம் சிதறுபவனை மந்தன் என்கிறோம். நள்ளிரவு வரை கண்விழித்ததன் விளைவாகவும் அது இருக்கலாம். உங்கள் வயதினர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. நேரத்தோடு உறங்கியும் ஒரு பிள்ளை வாயால் மூச்சுவிட்டு, இரவெல்லாம் குறட்டை விட்டு, பகலில் சோர்ந்திருந்தால், அவன் அறிவைக் குறைகூறுமுன் அவன் தொண்டையைச் சோதிப்பதே முறை.

குறட்டை விடுபவர் தம் குறட்டையைத் தாம் அறியார். மூச்சு நின்றதையும் அறியார். அருகில் படுத்திருப்பவரே அதற்குச் சாட்சி. ஆதலின், உங்கள் தந்தையோ, பாட்டியோ, தம்பியோ குறட்டை விட்டால், நகைக்குமுன் சிறிது நேரம் செவிகொடுத்துக் கேளுங்கள். இடையில் மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மறுநாளே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள்.