முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு டிஸ்க் மறுபடி பிதுங்குமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உடல்நல உரை)



நம் குடியிருப்பில் முதுகு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்கள். செய்யலாமா என்று யோசிப்பவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்பும் கேட்பது ஒன்றுதான்: "மறுபடி வருமா?"

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். அதன் வெளி வளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலில் வலி இறங்கும். பொதுவாக ஆபரேஷனில் பிதுங்கிய துண்டைத்தான் எடுக்கிறார்கள். மீதி டிஸ்க்கும் வளையத்தில் விழுந்த ஓட்டையும் அப்படியேதான் இருக்கும். அதனால் பல ஆய்வுகளின்படி, சுமார் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குகிறது. அதாவது, பெரும்பாலானோருக்கு வருவதில்லை.

யாருக்கு வரும்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக டாக்டர் யூஜின் கராகி குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல தடயம் தருகிறது. வளையத்தில் சிறு கீறல் மட்டும் இருந்தவர்களில் 1 சதவீதம் பேருக்கே மறுபடி வந்தது. பெரிய ஓட்டை இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு வந்தது. இந்த ஓட்டையை நேரில் பார்ப்பவர் ஆபரேஷன் செய்யும் டாக்டர். எனவே டிஸ்சார்ஜ் ஆகும்முன், "டாக்டர், ஓட்டை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து எவ்வளவு கவனம் தேவை என்று அவரே சொல்வார். பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

நம் கையில் இருப்பவையும் உண்டு. புகைப்பிடிப்பதும் சர்க்கரை நோயும் இந்த ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிகரெட்டை விடுங்கள்; சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். பயந்துபோய் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு நடங்கள். ஆனால் 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ. டாக்டர் அனுமதிக்கும்வரை குனிந்து தூக்க வேண்டாம்.

கால் வலி திரும்ப வந்தால் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் கழிக்க முடியவில்லை, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறது, கால் பலமிழக்கிறது என்றால், காலை வரை காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் தளத்தில் யாராவது ஆபரேஷன் முடிந்து வந்திருந்தால், அவர்கள் வீட்டுத் தண்ணீர் கேனை நீங்கள் தூக்கி வைத்துவிடுங்கள்.