பரீட்சை திரும்ப வருது, பாடம் திரும்ப வரலையே!

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து கோடை விடுமுறையைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கும் நண்பர்களே! பொறியியல் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, ரிசல்ட் வரும்போதெல்லாம் சாமிக்கு நேர்ந்துகொள்ளும் தாய்மார்களே!

"தமிழ் வாத்தியாருக்கு இன்ஜினியரிங்ல என்னய்யா வேலை?"ன்னு எதிரணித் தலைவர் கேட்டார். இருக்குதுங்க. 2022-லிருந்து அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துல முதல் செமஸ்டர்ல 'தமிழர் மரபு', இரண்டாவதுல 'தமிழரும் தொழில்நுட்பமும்'. அதுலயும் அரியர் வைக்கிற பிள்ளைகள் உண்டு. ஆக, நானும் பாதிக்கப்பட்டவன்தான்! (சிரிப்பு)

அரியர்னா என்னன்னு தாய்மார்களுக்குச் சொல்லிடறேன். நாலு வருஷப் படிப்பு, 8 செமஸ்டர். நவம்பர்-டிசம்பர்ல ஒரு தேர்வு, ஏப்ரல்-மேயில ஒரு தேர்வு. கிராமத்துப் பள்ளியில தமிழ் வழியில படிச்சு, வீட்டுக்கே முதல் பட்டதாரியா வர்றான் ஒரு பையன். முதல் செமஸ்டர்ல கணக்கு. பிள்ளைங்க பாஷையில 'எம் ஒன்'. வகுப்பு ஆங்கிலத்துல. மொழி பிடிபடறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சு போச்சு. ஃபெயில். ரிசல்ட் கைக்கு வரும்போது அடுத்த செமஸ்டர் ஓட ஆரம்பிச்சாச்சு. ஏப்ரல்ல புதுப் பாடங்களோட இந்தப் பழைய கணக்கையும் எழுதணும். எழுதறான். ஆனா அதை அவனுக்கு மறுபடி நடத்தினது யாரு? யாரும் நடத்தலை! பேப்பருக்கு இவ்வளவுன்னு தேர்வுக் கட்டணம் மட்டும் வாங்கிக்கறோம். பரீட்சை திரும்ப வருது. பாடம் திரும்ப வரலை. புரியாதவனைப் புரியாமலே இன்னொரு தடவை எழுத வைக்கிறதுக்குப் பேர் வாய்ப்பா, நடுவர் அவர்களே? (கைதட்டல்)

அந்தக் கணக்கு தனியாவும் நிக்காது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்குப் பின்னால 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' வருது. வகையிடலும் தொகையிடலும் தெரியாதவன் அங்கே என்ன செய்வான்? ஒண்ணு மூணாகுது, மூணு ஏழாகுது. கடைசி வருஷம் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வர்றாங்க. "ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?"ன்னு கேக்கறாங்க. நண்பர்களெல்லாம் டை கட்டி வரிசையில நிக்கறான். இவன் ஹாஸ்டல் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான்.

"14 செமஸ்டர் வரைக்கும் அவகாசம் இருக்கே, என்ன அவசரம்?"ன்னாங்க எதிரணி அம்மையார். அம்மா, அவசரம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. அவன் வீட்டுக்கு. அண்ணன் சம்பாதிச்சாத்தான் காலேஜ்னு பிளஸ் டூ முடிச்ச தங்கச்சி காத்துக்கிட்டிருக்கா.

2020-ல, கொரோனா சமயத்துல, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தா அரியர் பாஸ்னு தமிழக அரசு அறிவிச்சதே, நினைவிருக்கா? முதலமைச்சருக்கு நன்றி சொல்லிப் பையன்கள் பேனர் வச்சாங்க. நாமெல்லாம் சிரிச்சோம். அப்புறம் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போச்சு. சிரிச்சது சரி; ஆனா பேனர் வைக்கிற அளவுக்கு ஒரு கூட்டம் அந்தச் சுமையோட நின்னுதே, அது எப்படிச் சேர்ந்துச்சுன்னு கேட்டோமா?

"கத்திரி வெயில்ல வகுப்பா?"ன்னு இரக்கப்பட்டார் நண்பர். ஏப்ரல்-மே பரீட்சையை என்ன ஊட்டியிலயா வைக்கிறோம்? (சிரிப்பு)

இன்னொருத்தர், "லீவுலதான் அவன் வேலைக்குப் போய் நாலு காசு பார்ப்பான்"னார். இது கனமான வாதம். இதைக் கிண்டல் பண்ணிட்டுப் போக எனக்கு மனசு வரலை. ஆனா, லீவுல சம்பாதிக்கிற காசு ஒரு பக்கம், ஒரு வருஷம் தள்ளிப் போற சம்பளம் ஒரு பக்கம். தராசுல வச்சுப் பாருங்க.

எல்லாரையும் உக்கார வச்சு, கோடை வகுப்புன்னு தனிக் கட்டணம் வசூலிச்சா, அன்னைக்கே நான் எதிரணிக்கு வந்துடறேன். நான் கேக்கறது தவறின பிள்ளைக்கு மட்டும். தவறின பாடம் மட்டும். ஆறு வாரம், காலையில. முடிஞ்ச கையோட தேர்வு. பிளஸ் டூவுல தவறினவனுக்கு ஜூன்-ஜூலையில துணைத்தேர்வு வச்சு அந்த வருஷமே காலேஜுக்கு அனுப்பற ஊர்ல இது முடியாதா? மத்தியானம் அவன் வேலைக்குப் போகட்டும். ஹாஸ்டல் மெஸ்ஸை மட்டும் மூடிடாதீங்க. ராத்திரி வந்து சாப்பிடணும்.