வாக்குரிமையும் இணையமும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் மூதாதையர் இம்மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கினர். எனினும், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1982இல் முதலாவது சனாதிபதித் தேர்தல் நடந்தபோதும் நம்மவர் பலர் வாக்கற்றோராகவே இருந்தனர். எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. இத்துணை அரும்பாடுபட்டு மீட்ட உரிமையை வதந்திக்குப் பலியிடலாமா?

இன்று லயந்தோறும் கைத்தொலைபேசி உண்டு. செய்திக்குப் பஞ்சமில்லை, மெய்ச் செய்திக்கே பஞ்சம். ஆகவே, எதனை எங்கே தேடுவதென்று நாம் அறிதல் வேண்டும்.

முதலில் நாடவேண்டியது தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளம். அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு வாக்காளர் இடாப்பில் நம் பெயர் உண்டா என அங்கே பார்க்கலாம். இல்லையேல், இடாப்பைத் திருத்தும் காலத்திலேயே கிராம உத்தியோகத்தரைக் காணவேண்டும். தேர்தல் அறிவித்தபின் ஓடிப் பயனில்லை.

இரண்டாவது, சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும் முறை. ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதாயின் 1 அல்லது புள்ளடி இடலாம். மேலும் இருவருக்கு விருப்புத் தெரிவிப்பதாயின் 1, 2, 3 என இலக்கமிடல் வேண்டும். இது வெறுஞ் சடங்கன்று. 2024 செப்டெம்பர் 21ஆந் திகதி நடந்த தேர்தலில் எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறவில்லை. அதனால் முதலிரு இடங்களிலிருந்த அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச ஆகியோருக்கு, ஏனையோரின் வாக்குச் சீட்டுகளிலிருந்த விருப்பு வாக்குகள் எண்ணிச் சேர்க்கப்பட்டன. நம் நாட்டில் அவ்வாறு நடந்தது அதுவே முதன்முறை. அத்தேர்தலில் ஏறத்தாழ 3 இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டமையும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மூன்றாவது, வேட்பாளரின் விஞ்ஞாபனம். பிறர் சொல்லக் கேளாது அதனையே வாசிப்போம். காணி, வீடு, சம்பளம் பற்றி என்ன கூறுகிறார்? எப்போது, எந்தப் பணத்தில் செய்வார்? முன்னர் பாராளுமன்றத்தில் என்ன பேசினார்? இறுதி வினாவுக்கு விடை, பாராளுமன்ற இணையத்தளத்திலுள்ள ஹன்சாட் பதிவில் உண்டு.

கைத்தொலைபேசிக்கு வரும் படமோ குரலோ எதுவாயினும், யார் சொன்னது, எந்தத் திகதியில், வேறெங்கு உறுதியாயிற்று என்று கேட்போம். பழைய படம் புதியதாக உலவுகிறது. இயந்திரமே மனிதக் குரலிற் பேசுகிறது. உறுதியாகாததை மற்றவருக்கு அனுப்பாதிருப்பதே முதற் சேவை.

இளைஞர்களே! எழுத்தறியாத முதியோர் இன்னும் நம் லயங்களில் உள்ளனர். றொசல்லவிலும் அயற்றோட்டங்களிலும் அவர்கள் அருகமர்ந்து இவற்றை வாசித்துக் காட்டுவோம், முறையை விளக்குவோம். ஆனால், "இன்னாருக்குப் போடுங்கள்" என்று கட்டளையிடல் ஆகாது. ஒருகாலத்தில் கங்காணியின் சொல்லே சட்டமாயிருந்தது. கல்வி கற்ற நாம் கைத்தொலைபேசி ஏந்திய புதுக் கங்காணிகளாகலாமா? அறிவை அனைவர்க்கும் பகிர்வோம். தீர்மானத்தை அவரவரிடமே விடுவோம். மறைவிடத்தில் வாக்களிக்கும் அந்தக் கை தன் சொந்த அறிவால் இயங்கட்டும்.